துலுக்கானம் தூக்கிய கை

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, "பள்ளி நிர்வாகத்துல அரசாங்கம் கொண்டுவந்த சீர்திருத்தம் பத்தி ஆறு பக்கம் வேணும் சார்" என்றார். நானும் ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "மக்களாட்சியின் வேர் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். வேர் எங்கே போனதோ, எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே தூக்கம் வந்தால் படிக்கிறவன் கதி என்ன?

மறுநாள் டிப்போவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மாள் போனில் யாரிடமோ, "ஐயே, அந்த ஆளு கை தூக்கினது அதுக்கில்லம்மா!" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். பூந்தமல்லியில் இறங்கிப் போய்விட்டார். யார், எந்த ஆள், எதற்குத் தூக்கினான், ஒன்றும் தெரியாது. என் கையில் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு, நம்புவதும் நம்பாததும் உங்கள் பொறுப்பு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைக்கப்படும் மேலாண்மைக் குழுவானது—" (மறுபடியும் கொட்டாவி. விட்டுவிட்டேன்.)

"அன்று வெள்ளிக்கிழமை. பாரிவாக்கத்து வானத்தில் மேகங்கள்—" (வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

"யுவராணிக்கும் அவள் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது." (ஆ! உட்காருங்கள்.)

யுவராணிக்கும் அவள் நாத்தனார் கலைவாணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. ஆனால் வாயைத் திறந்து ஒருத்திக்கொருத்தி பேசிக்கொள்வதில்லை. எல்லாம் யுவராணியின் மகள் அருள்மொழி வழியாகத்தான் போகும், வரும்.

"அருளு, உங்க அத்தைகிட்ட சொல்லு, சோறு ஆறிகினு கீதுனு."

"அருளு, உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலனு."

ஏழாவது படிக்கும் அருள்மொழி நடுவில் தன் சொந்தச் சரக்கையும் சேர்ப்பாள். "அத்தைக்குப் பசிக்குதாம், ஆனா ரோசமாம்."

சண்டைக்குக் காரணம் மிக்சியோ, துணிக்கொடியோ அல்ல. அரசாங்கம். நம்புங்கள்.

3

(இங்கே அந்தக் கட்டுரை கொஞ்சம் தலைநீட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன்.)

பாரிவாக்கம் பக்கத்தில் நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியைக் கட்டியிருக்கிறேன். செங்கல், சிமெண்ட் ஏதும் இல்லாமல் கட்டியது, தேடிப் போகாதீர்கள். முன்பெல்லாம் அந்தப் பள்ளியில் எது நடக்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரும் ஊரில் நாலு பெரிய மனிதர்களும் முடிவு செய்வார்கள். சீர்திருத்தம் வந்தது. இனிமேல் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், பாதிக்குமேல் பெண்கள், தலைவி அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும் என்று ஆனது. ஆசிரியர் இடம் காலியானால் தற்காலிகமாக ஒருவரை எடுக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கே வந்தது. நல்ல ஏற்பாடு. நான் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. கை தூக்கச் சொன்னால் மனிதர்கள் முதலில் எந்தப் பக்கம் பார்ப்பார்கள்?

அந்த ஊரில் துலுக்கானத்தைப் பார்ப்பார்கள். கோயில் கும்பாபிஷேகமா, தெருவிளக்கா, தண்ணீருக்குப் போர் போடுவதா, அவர் கை மேலே போனால் எல்லார் கையும் போகும். அவர் அப்பாவின் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்று குழுவில் இருப்பவர்கள். நிலம் பிளாட்டாகிவிட்டது. நட்டவர்களின் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். கை மட்டும் இன்னும் பழைய வேலையை விடவில்லை.

துலுக்கானம் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அலைந்து திரிந்து பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் வாங்கித் தந்தவர் அவர்தான். புதிய குழுவுக்குத் தலைவராகவும் ஆசைப்பட்டிருப்பார். ஆனால் அரசாங்கமே ஆணை போட்டாலும் அவரால் அம்மா ஆக முடியாதே! கல்வி ஆர்வலர் என்று ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டார். தலைவி யார் என்ற பேச்சு வந்தபோது கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, திருமழிசை தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கும் யுவராணியிடம் விரலை நீட்டினார்.

"நீதாம்மா கரெக்டு. வாயத் தொறக்க மாட்ட. கையெழுத்த மட்டும் போடு, மிச்சத்த அண்ணன் பாத்துக்கிறேன். இன்னா பயம்?"

கைகள் எழுந்தன. யுவராணி தலைவியானாள். அன்று மாலை வீட்டில் கலைவாணி பாத்திரம் கழுவிக்கொண்டே சுவரிடம் சொன்னாள். "பத்தாவதுல கணக்குல கோட்டை வுட்டதுங்க எல்லாம் இஸ்கூலுக்குத் தலைவி. கணக்குல பி.எட். முடிச்சவ ஊட்ல சட்டி கழுவிகினு கீறா."

சுவருக்குக் காது இல்லை. யுவராணிக்கு இருந்தது.

4

இப்போது கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். கணக்கு வாத்தியாரை மாற்றலில் அனுப்பினேன்.

ஒரு பருவம் முழுக்க ஏழாம் வகுப்புக்குக் கணக்கே நடக்கவில்லை. அருள்மொழி மைனஸைப் பார்த்தாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். தன் படிப்பு நின்றது கணக்கில்தான் என்பது யுவராணிக்கு இன்னும் ஆறாத புண். மகளும் அதே படிக்கட்டில் வழுக்கி விழுவாளோ என்று பயந்தாள். பயம் என்றால் சாதாரணப் பயமில்லை, பேக்கிங் டேப் ஒட்டும்போதுகூடக் கை நின்றுபோகும் பயம்.

தலைமையாசிரியர் மணவாளன் திண்டிவனத்துக்காரர், அதிராமல் பேசுகிறவர். "நாமே ஒருத்தரை எடுத்துக்கலாம்மா. ரெண்டு பேர் விண்ணப்பிச்சிருக்காங்க" என்றார்.

ஒருத்தி தேவிப்பிரியா. புது அடுக்குமாடியில் குடியிருப்பவள், கரூர்ப் பக்கம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசைப்பட்டு வந்தவள். துலுக்கானம் ஏற்கெனவே பிளாட்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். "இங்கிலீசுல கணக்கு சொல்லிக் குடுக்கும்மா அந்தப் பொண்ணு. நம்ம இஸ்கூலு எங்கயோ பூடும்."

இன்னொருத்தி யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கலைவாணி. தகுதித் தேர்வில் தேறி, வேலைக்கு அழைப்பு வரும் வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருப்பவள்.

யுவராணி மாட்டிக்கொண்டாள். நாத்தனாருக்குக் கை தூக்கினால், "தலைவியானதும் சொந்தக்காரிக்கு வேலை போட்டுக் குடுத்துட்டா" என்பார்கள். தூக்காவிட்டால், "பேச்சில்லாத காண்ட இப்டித் தீத்துகினா" என்பார்கள். மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

5

(கலைவாணியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவளை மோசமான ஆசிரியையாக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். யுவராணி நேர்மையாக நாத்தனாரை ஒதுக்குவாள், நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அப்படியே எழுத உட்கார்ந்தேன்.)

இருவருக்கும் குழுவினர் முன்னால் மாதிரி வகுப்பு வைத்தார்கள். தேவிப்பிரியா மடிக்கணினியில் வண்ணப் படங்கள் காட்டினாள். சிரித்த முகம், தெளிவான குரல், பிள்ளைகள்மேல் நிஜமான பிரியம். "ரெண்டு மைனஸ் பக்கத்துல வந்தா பிளஸ், இது விதி" என்றாள். பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து கலைவாணி வந்தாள். சாக்பீஸ் கைநழுவி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். வாய் குழறி— (இல்லை. இங்கேதான் அவள் என் பேச்சைக் கேட்காமல் போனாள்.)

விழுந்த சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தாள். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க். தரைக்குக் கீழே நீளமாக ஒரு போர், அடியில் மோட்டார்.

"தரை பூஜ்ஜியம். டேங்க் முப்பதடி மேல. மோட்டார் எரநூறடி கீழ, அதாவது மைனஸ் எரநூறு. முப்பதுலருந்து மைனஸ் எரநூறக் கழிக்கணும். கழிக்கிறதுனா ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு பாக்குறது. சொல்லுங்க, எவ்ளோ பைப்பு வேணும்?"

அந்த ஊரில் போர் போடுவதைப் பார்க்காத பிள்ளை ஏது? "எரநூத்தி முப்பது!" என்று வகுப்பே கத்தியது.

"கழிக்கச் சொன்னா இன்னாத்துக்குக் கூட்டினீங்க?"

அருள்மொழி எழுந்தாள். "கீழ இருக்குறதையும் சேத்து அளக்கணுமே, மிஸ்." வீட்டில் அத்தை, வகுப்பில் மிஸ். பின்னால் உட்கார்ந்திருந்த யுவராணி அந்தக் கணக்கை உள்ளங்கையில் விரலால் போட்டுப் பார்த்தாள். பத்தாவதில் தனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது.

கலைவாணி நன்றாக நடத்தித் தொலைத்தாள். என் சுலபமான கதை போச்சு.

6

வெள்ளிக்கிழமை கூட்டம். அன்று காலை யுவராணி குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

யுவராணி அருள்மொழியைத் தேடினாள். அருள்மொழி இல்லை. கலைவாணிதான் நேரே நின்றாள்.

"எனக்கு நீ கை தூக்காத."

"இன்னா சொல்ற?"

"நீ தூக்கினாலும் தப்பு, தூக்காங்காட்டியும் தப்பு. நீ வெளிய பூடு. இத்தினி வருசமா யாரோ வச்ச பரிட்சைய எழுதிகினு கீறேன். இவ நல்லா நடத்துறானு பாத்து எவனாவது எடுக்கணும் அண்ணி. சொந்தத்துக்காகவும் வாணாம், பாவம் பாத்தும் வாணாம். அப்டி வந்துச்சுனா வரட்டும், இல்லாங்காட்டி பூட்டும்."

குடம் நிரம்பி வழிந்தது. இருவருமே குழாயை மூடவில்லை.

"இத நேருல சொல்ல இத்தினி மாசமா?" என்றாள் யுவராணி.

"நீ மட்டும் பேசிட்டியா?"

"சட்டி கழுவிகினு கீறேன்னு சொன்னியே, என்னிக்குடி நீ சட்டி கழுவின? அன்னிக்கு ஒரு நாள்தானே!"

கலைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது, முந்தானையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்தாள்.

7

ஏழாம் வகுப்பு அறை. குழுவினர் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மடங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தேவிப்பிரியாவும் கலைவாணியும் பக்கத்து வகுப்பில் காத்திருந்தார்கள்.

யுவராணி எழுந்தாள். "சார், கலைவாணி என் ஊட்டு ஆளு. இந்த முடிவுல நான் இருக்கக் கூடாது. வெளிய நிக்கிறேன்."

சலசலப்பு. தலைவியே வெளியே போகலாமா? போனால் கூட்டம் செல்லுமா? அந்த ஊரில் யாரும் அதுவரை அப்படி வெளியே போனதில்லை, உள்ளே வரத்தான் அடித்துக்கொள்வார்கள். துணைத் தலைவி பொன்னியம்மா நடத்தலாம் என்றார் மணவாளன். பொன்னியம்மா உடனே துலுக்கானத்தைப் பார்த்தாள்.

யுவராணி வெளியே ஜன்னலோரம் நின்றாள். உள்ளே ஜன்னலை ஒட்டித் துலுக்கானம். அந்நேரம் பள்ளி கேட் பக்கம் டீக்காரர், வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போனார்.

"கலைவாணியை நியமிக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் மணவாளன்.

துலுக்கானம் ஜன்னல் வழியே டீக்காரரைப் பார்த்தார். வலது கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

சடசடவென்று எல்லாக் கையும் மேலே போனது.

(இப்படியும் நடக்குமா என்கிறீர்களா? உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் தலையை ஆட்டியதும் நீங்கள் ஆட்டவில்லை? அவர் கழுத்து வலிக்கு ஆட்டியிருந்தால்?)

துலுக்கானம் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுக்குப் பெஞ்சு கை. விஷயம் புரிந்தது. பிளாட்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. ஆனால் "டேய், நான் டீக்குத் தூக்கினேன்டா" என்று சொன்னால் மானம் போகும். கையை மெள்ள இறக்கி மீசையைத் தடவினார். "நல்ல பொண்ணுதான்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒருத்திக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது.

8

முடிவு (அ): யுவராணி உள்ளே வந்து ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கலைவாணி வேலையில் சேர்ந்தாள். அருள்மொழி மைனஸைப் பார்த்து இனி ஒருநாளும்— (அழகான முடிவுதான். மூன்று நாள் இதை வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் குழாயடியில் கலைவாணி கேட்டது இதுவல்லவே! நல்லா நடத்துகிறாள் என்று பார்த்தல்லவா எடுக்கச் சொன்னாள்? இது டீக்குக் கிடைத்த வேலை. தெரிந்துகொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அடுத்த மாதமும் அந்தக் கையைப் பார்த்துத்தானே எல்லாரும் தூக்குவார்கள்?)

முடிவு (ஆ): இவ்வாறாக, சீர்திருத்தங்கள் மேலிருந்து கீழே வரும்போது— (கட்டுரையே, நீ வெளியே போ.)

முடிவு (இ): யுவராணி உள்ளே வந்தாள். மகளின் கணக்கும் நாத்தனாரின் வாழ்க்கையும் தன் நாக்கு நுனியில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"எழுதாதீங்க சார். அண்ணன் டீக்குக் கை தூக்கினாரு."

மணவாளன் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு சொன்னது?" துலுக்கானம் எகிறினார். "நான் ஓட்டுக்குத்தாம்மா தூக்கினேன்! கலைவாணி மாரி ஒரு வாத்தியாரம்மா ஆவடி வரிக்கும் தேடினாலும் கெடைக்காது, இன்னா பேச்சு பேசுற?"

வேடிக்கையைப் பாருங்கள். வேண்டாம் என்றிருந்தவர் கலைவாணிக்காகத் தொண்டை கிழிய வாதாடுகிறார். வேண்டும் என்றிருந்தவள் அது செல்லாது என்கிறாள். இது எவ்வளவு நேரம் போயிருக்குமோ, அதற்குள் வாசலில் கேனோடு டீக்காரர் வந்து நின்றார்.

"கூப்டியே அண்ணாத்தே, எத்தினி டீ?"

முதலில் பொன்னியம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. துலுக்கானத்தின் முகத்துக்கு எதிரே அந்த ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் முறைத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. "சரிப்பா, டீக்குத்தான். அதுக்கின்னா இப்போ? ஆளுக்கொரு டீ குடுயா" என்று உட்கார்ந்தார்.

9

டீ குடித்து முடித்ததும் மணவாளன் மறுபடியும் கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. எல்லாரும் துலுக்கானத்தைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க" என்றாள் யுவராணி. "அண்ணனும்தான். ரெண்டு பேரும் பாடம் நடத்தினத நெனச்சுப் பாருங்க. உங்க புள்ள யாருகிட்ட படிச்சா நல்லதுனு தோணுதோ, அந்தப் பேரு சொல்லும்போது தூக்குங்க. யாரும் யாரையும் பாக்க வாணாம்."

நல்ல யோசனை. ஆனால் எண்ணுவது யார்?

"நான் எண்ணுறேன்" என்றார் மணவாளன்.

"வாணாம் சார். யாரு யாருக்குத் தூக்கினாங்கனு உங்களுக்குத் தெரிஞ்சிடும். நாளிக்கு எம்புள்ள உங்ககிட்டதான் படிக்கணும்" என்றாள் பொன்னியம்மா. டீக்காரரைக் கேட்கலாமா? அவர் தினமும் துலுக்கானத்துக்கு டீ ஊற்றுகிறவர். யுவராணி எண்ணக் கூடாது, அவளே ஒப்புக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள்.

கடைசியில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நானும் சரிப்பட மாட்டேன். போர் பைப்புக் கணக்கைக் கலைவாணிக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். தேவிப்பிரியாவுக்கு ஒரு விதியை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அவளுக்கும் ஒரு நல்ல கணக்கைக் கொடுத்திருந்தால் நடத்தியிருக்க மாட்டாளா? என் பாரபட்சத்தை நீங்கள் கவனிக்காமலா இருந்திருப்பீர்கள்! அதனால் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மிச்சம் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு அந்த ஊரில் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை, உங்கள் பிள்ளை அங்கே படிக்கவும் இல்லை. இரண்டு பாடத்தையும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

மணவாளனும் கண்ணை மூடிக்கொண்டு முதல் பேரைச் சொல்லிவிட்டார். எனக்குத் துணி உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பக்கத்து வகுப்பில் இரண்டு பெண்கள் சுவரில் காதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லுங்கள்.